உயிர்ச்சிரட்டைக்குள் மூன்று தூண்டில்

என் இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிச்சம்மாள் அக்காள் எனக்கு இந்தக் கதையைச் சொன்னாள். நாத்தனார் கையில் புது வளையலைப் பார்த்துவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அதனால்தான் சொன்னாள் போல.

கேளுங்கள். கடலும் ராஜாவும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த காலம் அது.

அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் இடுப்பில் ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டியிருப்பார்கள். அதற்கு உயிர்ச்சிரட்டை என்று பேர். படகு கவிழ்ந்து எங்கேயாவது ஒதுங்கினால் அதுதான் சோறு. உள்ளே ஒரு சுருள் நூல், ஒரு ஈயக்குண்டு, மூன்று தூண்டில். இரை கிடைக்காத இடத்திலும் மீன் வந்து கடிக்க, தூண்டிலில் வெள்ளைக் கோழி இறகு சுற்றியிருக்கும். மேலே தேன்மெழுகால் மூடிவிடுவார்கள்.

அதை அவரவரே கட்டிக்கொள்ளக் கூடாது. பெண்டாட்டியின் தம்பிதான் கட்டித்தர வேண்டும். அக்காளின் தாலிக்கு அவன்தானே காவல்! அவன் கட்டினதைத் தடவிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் அவனுக்கு அவமானம்.

மாசானம் என்று ஒருவன் இருந்தான். அவன் அக்காள் இசக்கி, அவள் புருஷன் கொம்பையா. மாசானத்துக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அத்தானைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

ராஜா ஒருநாள் கரைக்கு வந்தார். "என் கப்பலுக்குத் தலைவன் வேண்டும். ஆசைப்படுகிறவன் கடலுக்குள் இருக்கிற மணல் திட்டில் மூன்று நாள் இருந்து, மீனோடு திரும்ப வேண்டும். தண்ணீர் நான் தருவேன். சாப்பாட்டுக்கு இடுப்புச் சிரட்டைதான்" என்றார்.

எல்லாரும் கொம்பையாவைத்தான் பார்த்தார்கள். மாசானமும் போட்டிக்குப் போயிருப்பான். ஆனால் கல்யாணம் ஆகாத அவனுக்குச் சிரட்டை கட்டித்தர மைத்துனன் ஏது?

வீட்டுக்குப் போய் அத்தானின் சிரட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். தூண்டில் நுனியில் பின்பக்கமாகத் திரும்பி நிற்குமே ஒரு சின்ன முள், கடித்த மீனைக் கழன்றுவிடாமல் பிடிக்கிற முள், அதைக் கல்லில் தேய்த்தான். முதல் தூண்டிலைத் தேய்க்கும்போது, மருமகன் தட்டில் மீன் தலையையும் மகனான தன் தட்டில் வாலையும் வைக்கிற அம்மாவை நினைத்தான். இரண்டாவதைத் தேய்க்கும்போது அத்தானின் புதுப் படகை நினைத்தான். மூன்றாவதைத் தேய்க்கும்போது, புருஷன் பேரைச் சொன்னாலே அக்காள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நினைத்தான்.

"மூணு நாள் பட்டினி கிடந்தா செத்தா போயிருவான்?" என்று சொல்லிக்கொண்டு, தேய்த்தது தெரியாதபடி மேலே இறகைச் சுற்றி, மெழுகால் மூடினான்.

"என் தம்பி கட்டினது" என்று பெருமையாகச் சொல்லி, இசக்கி அதைப் புருஷன் இடுப்பில் கட்டிவிட்டாள்.

படகு புறப்படும்போது ராஜா கையைத் தூக்கினார். "கட்டிக்கொண்டவன் வந்துவிட்டான். கட்டினவன் எங்கே? அவனும் ஏறட்டும். ஒரே திட்டு, ஒரே சிரட்டை."

மாசானம் தலையைக் குனிந்துகொண்டு படகில் ஏறினான்.

முதல் நாள் மீன் கடித்தது, கழன்றது. இரண்டாம் நாள் கடித்தது, கழன்றது. அகப்பட்டது ஒரே ஒரு நண்டு. அதில் பெரிய பாதியைக் கொம்பையா மைத்துனனிடம் நீட்டினான்.

"சாப்பிடு மாப்பிள்ளே. நீ கட்டினதுல குறை இருக்காது. என் கைக்குத்தான் என்னமோ வந்திருக்கு."

மூன்றாம் நாள் விடிந்ததும் மீன் கடித்தது. அதுவும் கழன்றது. கொம்பையா தன் கையையே அடித்துக்கொண்டான். மாசானத்தால் தாங்க முடியவில்லை.

"கையை அடிக்காதீங்க அத்தான். முள்ளு இல்ல. நான்தான் தேய்ச்சேன்."

கொம்பையா ஒரு கை மணலை வாரி அவன் மூஞ்சியில் எறிந்தான். "அடப் பாவி! முதல் நாளே சொல்லியிருந்தா, நூலைத் தளர விடாம இழுத்திருப்பேனே! சுண்டிச் சுண்டியில்ல இழுத்தேன்! போ, தண்ணியில நில்லு, வேட்டியை விரிச்சுப் பிடி!"

கொம்பையா நூல் தளராமல் இழுத்தான். மாசானம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேட்டியில் ஏந்தினான். ஒரு பாறை மீன். முழங்கை நீளம்.

கரைக்கு வந்ததும் ராஜா தூண்டிலைத் தடவிப் பார்த்தார். "முள்ளே இல்லாத தூண்டிலிலா பிடித்தாய்? இப்படி ஒருவனை நான் கண்டதே இல்லை!"

கொம்பையா மைத்துனனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாசானம்தான் அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னான். ராஜா சிரித்தார். "நீ தேய்த்ததால்தான் இவன் திறமை எனக்குத் தெரிந்தது." மாசானத்துக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டியிருக்கவில்லை.

கொம்பையா கப்பல் தலைவனானான். புறப்படுகிற நாளில் மாசானம் புதுச் சிரட்டை கொண்டுவந்து, மூடாமல் நீட்டினான்.

"தடவிப் பாருங்க அத்தான்."

"வழக்கம் இல்லையே மாப்பிள்ளே."

"பாருங்க."

கொம்பையா தடவினான். விரலில் பொட்டாக ரத்தம் வந்தது. "முள்ளு இருக்கு!" என்று சிரித்தான். இசக்கியும் சிரித்தாள்.

பொறாமையில் அடுத்தவருக்கு நாம் செய்கிற குறை நம் பசியாகத்தான் திரும்பி வரும், அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது தீரும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மனதுக்குப் பிடிக்காத ஒருவர் அடுத்த முறை பயணம் புறப்படும்போது, அவருக்குச் சாப்பாடு நீங்கள் கட்டிக் கொடுங்கள்.