மருதாசலம் முறுக்கிய போல்ட்டு

காந்திபுரத்து ஒர்க்ஷாப்பில் தலைமை மெக்கானிக் மருதாசலத்துக்கு ஒரே வயிற்றெரிச்சல். வருகிறவர்களெல்லாம் நேற்று வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக் நசீமாவைத் தேடுகிறார்கள். "அந்தப் பொண்ணே பார்க்கட்டுங்க" என்கிறார்கள்.

பொறுக்குமா? சர்வீஸுக்கு வந்த ஆட்டோமேட்டிக் காரில், யாரும் பார்க்காதபோது கியர் ஆயிலை வடித்துவிட்டார். பிறகு முதலாளி முன்னால் நசீமாவிடம் சவால் விட்டார்: "டிரைவ்ல போட்டா இன்ஜின் கத்துது, வண்டி நகரலை. கியர்பாக்ஸைக் கழட்டாமக் கோளாறைச் சொல்லு. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிரு."

இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் மேல் பழியைப் போட்டு மாட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தார்.

நசீமா கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினாள். காய்ந்து கிடந்தது. வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தாள். எங்கேயும் ஒழுகின தடமே இல்லை.

"டார்க் கன்வர்ட்டருக்கு ஒண்ணுமில்லீங்க. யாரோ ஆயிலை வடிச்சிருக்காங்க. பாவம், கத்துக்குட்டி போல. ஆயில் வடிக்கிற போல்ட்டைக்கூடத் திருப்பி முறுக்கத் தெரியாம விட்டிருக்கான், லொடலொடன்னு ஆடுது."

"யாருடி கத்துக்குட்டி?" மருதாசலம் பொங்கிவிட்டார். "நான் முறுக்குன போல்ட்டு என்னிக்காச்சும் ஆடியிருக்கா?"

முதலாளி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஆடலைங்ண்ணா," என்றாள் நசீமா, கையைத் துடைத்தபடி. "கல்லு மாதிரித்தான் இருக்குது."