வராத கணக்கு

கேள்வியோடு போனால் வேலையோடு திரும்பி வரலாம் என்று ஜெசிந்தா மேமைப் பற்றி விடுதியில் சொல்வார்கள். கணிதத் துறையில் முதலாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு அவருடையது. யாருக்கும் இதுவரை வழி காட்டியதாகத் தகவல் இல்லை.

கௌசிகாவும் இதைக் கேள்விப்பட்டிருந்தாள். வேறு போக்கில்லாமல்தான் போனாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் படிவம் கொடுத்தாக வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: அடிப்படையிலிருந்து தொடங்கும் பிரிட்ஜ் கோர்ஸ், கால்குலஸ் ஒன்று, கால்குலஸ் இரண்டு. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். கால்குலஸ் இரண்டில் சேர்ந்து தேறினால் அடுத்த வருடமே ஹானர்ஸ் என்ற சிறப்புப் பட்டப் பிரிவு. ஒன்றில் சேர்ந்தால் ஹானர்ஸ் அரை வருடம் தள்ளிப் போகும். பிரிட்ஜில் சேர்ந்தால் ஒரு முழு வருடம். அதற்காக நேரே இரண்டில் குதித்துத் தோற்றுவிட்டால் ஹானர்ஸ் அதோடு போயிற்று. விதிப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கௌசிகா நாமக்கல்லிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததே ஹானர்ஸுக்காக.

ஒரு வாரமாகக் கேட்காத ஆளில்லை.

“எது பெருசோ அதை எடு சாமி” என்றார் அப்பா, போனில்.

“சென்டம் வாங்கிட்டு ஒண்ணுல போய் உக்காருவியாடி? அசிங்கம்” என்றாள் சீனியர் அகல்யா. பிரிட்ஜ் கோர்ஸ் பற்றிக் கேட்டதற்கு அவள் சிரித்தாள். அதில் சேர்கிறவர்களுக்கு விடுதியில் ‘பாலத்தடி’ என்று பெயர்.

“எனக்கு ஒண்ணு. உனக்கு எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?” என்றாள் அறைத்தோழி சஃப்ரீன்.

பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே ஒரு சுயசோதனை இருந்தது. கௌசிகா எழுதினாள். ‘நீங்கள் எதற்கும் தயார்’ என்று வந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘இதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.’

மூன்று கட்டத்திலும் பென்சிலால் டிக் போட்டு, மூன்றையும் அழித்து, அழித்த இடம் மங்கிப் போன படிவத்தோடு காலை பதினொரு மணிக்கு மேமின் அறை வாசல் வரிசையில் போய் நின்றாள்.

மேம் ஸ்டேப்ளருக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தார்.

“மேம், நான் எந்த கோர்ஸ் எடுக்கட்டுங்க?”

“பிளஸ் டூல எவ்ளோ?”

“சென்டம்ங்க.”

“கணக்குல கடைசியா உனக்கு எது வரல?”

“வரலைன்னா?”

“முட்டி முட்டிப் பாத்தும் வராமப் போன கணக்கு.”

கௌசிகா யோசித்தாள். “அப்படி ஒண்ணும் இல்லீங்க மேம். எல்லாமே வரும்.”

“எல்லாமேவா?”

“புக் பேக், உள்ள இருக்கற எடுத்துக்காட்டு, ஒன் மார்க், கிரியேட்டிவ், பத்து வருஷத்துப் பழைய கொஸ்டின். எல்லாமே.”

மேம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். காய்ச்சல்காரரைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. கௌசிகாவுக்குச் சுருக்கென்றது.

மேம் மேசை இழுப்பறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். “போன வருஷம் முதல் வாரத்துல கொடுத்தது. மூணு வகுப்புக்கும் ஒவ்வொண்ணு. இதுல வராத கணக்கு ஒண்ணு கண்டுபிடிச்சிட்டு வா. அது எந்தத் தாள்ல இருக்கோ, அதான் உன் வகுப்பு.”

“வந்த கணக்கை வச்சுத்தானுங்க சேர்ப்பாங்க? வராததை வச்சு யாராச்சும் சேர்ப்பாங்களா?”

“வந்ததை எதுக்குப் பிள்ள மறுபடி படிக்கணும்?”

“மூணு தாள்லயும் வராதது இருந்தா?”

“இருக்கதுலயே அடி வகுப்பை எடு.”

“எல்லாமே வந்துட்டா?”

“இந்தா, நீ இங்க உக்காந்து ஸ்டேப்ளர் அடி. நான் வீட்டுக்குப் போறேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கௌசிகா தாள்களைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

நூலகத்தில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்தாள். எடுத்த எடுப்பிலேயே கால்குலஸ் இரண்டு. பத்துக் கணக்கு. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒரு படி விடாமல், சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்று வர, விடைக்குக் கட்டம் போட்டு முடித்தாள். சிரிப்பு வந்தது. இதற்கா இத்தனை பயம்?

அடுத்தது கால்குலஸ் ஒன்று. ஏழு வந்தது. மீதி மூன்றும் வந்திருக்கும். பிளஸ் டூவில் பழகிய விதி ஒன்று அந்த மூன்றையும் ஒரே வரியில் முடித்திருக்கும். ஆனால் அந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று தாளின் தலையிலேயே எழுதியிருந்தது. கௌசிகாவுக்குக் கோபம் வந்தது. அரிவாள்மனையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காய் நறுக்கு என்றால் எப்படி?

பிரிட்ஜ் தாளைக் கடைசியாக எடுத்தாள். அதில் எண்களே அதிகம் இல்லை. முதல் இரண்டும் வரைபடம் பார்த்துச் சொல்வது; எழுதிவிட்டாள். மூன்றாவது கணக்கு இப்படி இருந்தது:

‘ஒரு பேருந்தின் வேகமானி நாற்பது காட்டுகிறது. அந்த ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொள். அந்தக் கணத்தில் பேருந்து எவ்வளவு தூரம் போனது? அப்படியானால் நாற்பது என்பது எதன் அளவு? சூத்திரம் எழுதாமல் விடை எழுது.’

இரண்டு வரி எழுதினாள். அடித்தாள். ஒரு வரி எழுதினாள். அதையும் அடித்தாள். மெஸ் மணி அடித்து ஓய்ந்தது. நாலாவதுக்குப் போனாள், அதுவும் இதே ஜாதி. ஐந்தாவதும் அப்படித்தான். மறுபடி மூன்றாவதுக்கு வந்தாள்.

நாலேகால் மணிக்கு மேமின் அறைக்குள் வரிசையில் நிற்காமலே நுழைந்தாள்.

“ஏய், லைன்ல வா!” என்றான் வெளியே ஒருவன்.

“காலைலயே நின்னாச்சு!” என்றாள் திரும்பிப் பார்க்காமல். தாள்களை மேசையில் வைத்தாள். “மேம், இது கொஸ்டின் பேப்பரே தப்புங்க.”

“எது?”

“மூணும். மேல போகப் போக ஈஸியா இருக்கு. கீழ வர வர கஷ்டமா இருக்கு. ரெண்டுல பத்துக்குப் பத்து. ஒண்ணுல ஏழு. பிரிட்ஜ்ல ரெண்டுதான். எந்த ஊர்லயாச்சும் இப்படி உண்டுங்களா?”

மேம் பிரிட்ஜ் தாளை எடுத்தார். அடித்தல் திருத்தல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பத்துக்குப் பத்துத் தாளை அவர் தொடவில்லை. கௌசிகா அதைக் கவனித்தாள்.

“மூணாவதுக்கு என்ன எழுதின?”

“முதல்ல டிஎஸ் பை டிடின்னு எழுதினேன். சூத்திரம் கூடாதுன்னு போட்டிருக்காங்க. அடிச்சிட்டேன்.”

“அது பேருதான பிள்ள. பொருளைக் கேக்கேன்.”

“பேர் எழுதினாலே மார்க் உண்டுங்க மேம்.”

“சரி. அந்தக் கணத்துல பஸ் எவ்ளோ தூரம் போச்சு?”

“போகலீங்க. ஒரே கணம்னா போறதுக்கு நேரமே இல்லையே. தூரம் பூஜ்யம்.”

“நேரம்?”

“அதுவும் பூஜ்யம்.”

“வகுத்தா?”

“பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுக்க முடியாதுங்க.”

“அப்ப வேகமானி பொய் சொல்லுதா?”

“பொய்யில்லீங்க. பஸ் ஓடிட்டுத்தான இருக்கு?”

“நீதான பஸ் போகலைன்ன?”

“அது... அந்தக் கணத்துல போகலைன்னேன். ஆனா போகுது. போகலைன்னா நாப்பது எங்கிருந்து...” கௌசிகா நிறுத்தினாள். “மேம், நீங்க வேணும்னே குழப்பறீங்க.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே.”

அது உண்மைதான். அதுதான் கௌசிகாவுக்குப் பொறுக்கவில்லை.

“நான் மூணாவது மாடியில நிக்கறேன். நீங்க என்னைத் தரையில போய் நில்லுங்கறீங்க.”

“மூணாவது மாடிக்கு எப்படி ஏறின?”

கௌசிகா வாசலைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் இறங்கியது.

“எங்க ஸ்கூல்ல பிளஸ் ஒன் நடத்தலீங்க மேம்.”

“ம்.”

“ரெண்டு வருஷமும் பிளஸ் டூதான். பதினொண்ணாவதுல ஒரு தடவை முடிச்சாங்க. பன்னெண்டாவதுல நாலு தடவை. லிமிட்ஸ், டிஃபரன்ஷியேஷன் ஆரம்பிக்கற இடமெல்லாம் பிளஸ் ஒன் புஸ்தகத்துல இருக்கு. ஃபார்முலாவை மட்டும் ஒரு ஜெராக்ஸ்ல குடுத்துட்டாங்க.”

“புஸ்தகம்?”

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குக் கொண்டுவரச் சொன்னாங்க. எல்லாரும் புதுப் புஸ்தகத்தை டெஸ்க் மேல விரிச்சு வச்சோம். திறந்தா பசை வாசம். சார் போர்டுல ‘லிமிட்ஸ்’னு பெருசா எழுதி அடிக்கோடு போட்டார். அதிகாரி பாத்துட்டுத் தலையாட்டிட்டுப் போனார். ஜீப் கேட்டைத் தாண்டற வரைக்கும் அந்த எழுத்து போர்டுல இருந்துச்சு. அப்புறம் அழிச்சுட்டார்.”

“நீ எதுவும் கேக்கலையா?”

“கேட்டேன். ‘பப்ளிக்ல வராது, மூடு’ன்னார். வரலீங்க. அவர் சொன்ன மாதிரியே வரல. சென்டம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல என் மூஞ்சியை ஃப்ளெக்ஸ்ல போட்டாங்க.”

மேம் தாளை மேசையில் வைத்தார். மணி நாலே முக்கால்.

“இப்ப சொல்லுங்க மேம்.” குரல் மறுபடி ஏறியது. “நடத்தாம விட்டது யாரு? அவங்க. அந்த ஸ்கூல்ல சேத்தது யாரு? எங்கப்பா. அதிகாரி பாத்தும் பாக்காத மாதிரி போனார். இத்தனை பேரு சேந்து செஞ்சதுக்கு ஒரு வருஷம் பின்னால போறது நானா?”

“ஆமா.”

“பாலத்தடின்னு கூப்பிடுவாங்க.”

“கூப்பிடுவாங்க.”

“நான் ரெண்டுலயே சேர்ந்தா என்ன? தோத்துருவேனா?”

“மாட்ட. தேறிருவ.”

கௌசிகா இதை எதிர்பார்க்கவில்லை. “நிஜமாவா?”

“பத்துக்குப் பத்து போட்டிருக்கியே. பரீட்சையும் இதே மாதிரிதான் இருக்கும்.”

“அப்புறம் ஹானர்ஸ்?”

“கிடைக்கும். அங்கயும் ஜெராக்ஸ் கிடைக்கும்.”

“அப்ப ரெண்டே எடுத்துக்கறேன்.”

“எடு. கையெழுத்துப் போடுதேன்.” மேம் பேனாவின் மூடியைக் கழற்றி, அவள் பக்கம் தள்ளினார்.

கௌசிகா பேனாவை எடுத்தாள். மூன்றாவது கட்டத்துக்கு மேலே கொண்டுபோனாள். பேனா அங்கேயே நின்றது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மேம் “இரு” என்றார்.

“ஏன் மேம் என்னைத் தடுக்க மாட்டேங்கறீங்க?”

“எதுக்குத் தடுக்கணும்?”

“தடுத்தீங்கன்னா நான் உங்ககூட சண்டை போடுவேன். சண்டை போட்டு ரெண்டுல சேர்ந்திருவேன். இப்படி விட்டா எனக்கு ஒண்ணும் புரியல.”

மேம் மேசையில் கிடந்த பிரிட்ஜ் தாளை நேராக்கி வைத்தார்.

“சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நியாயமாச் சொல்லணும். எங்க ஸ்கூல் செஞ்சதுக்கு நான் ஒரு வருஷம் குடுக்கணும்ங்கறதுல நியாயம் யார் பக்கம் இருக்கு?”

“உன் பக்கம்” என்றார் மேம்.

“முழுசாவா?”

“முழுசா. இம்மி பாக்கியில்லாம உன் பக்கம்தான்.”

கௌசிகாவின் முகம் மலர்ந்தது. ஒரு வாரத்தில் முதன்முறையாக அவள் சொன்னதை ஒருவர் முழுசாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்து என்ன சொல்லலாம் என்று மூச்சை இழுத்தாள்.

“நாப்பது எதோட அளவு பிள்ள?” என்றார் மேம்.



கௌசிகா வாயைத் திறந்தாள். வாதத்துக்கு வாதம் வைத்திருப்பவள். ஒன்றும் வரவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பிரிட்ஜ் கோர்ஸ் கட்டத்தில் டிக் போட்டு, மேமிடம் நீட்டினாள்.