காசிக்குப் போன பங்காளிகள்

வேங்கூர் ஏரியில் அந்த வருடம் தண்ணீர் குறைவு. மதகு யார் கையில் இருக்கிறதோ அவர் வயலில்தான் நெல் விளையும். ஆகவே மதகுத் தலைவர் தேர்தல் என்றதும் ஊரே பரபரத்தது. ஊரார் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதிக ஓலை யாருக்கோ அவர் தலைவர்.

அமைச்சர் ஆளவந்தாரின் நிலமெல்லாம் ஏரிக்கு அருகே, தலைமடையில். அவருடைய மைத்துனர் தேர்தலில் நின்றார். அவர் ஜெயித்தால் வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஓலை போட வேண்டுமானால் ஊர்க்கணக்கில் பெயர் ஏறியிருக்க வேண்டும். "இவன் என் பங்காளி" என்று ஒருவன் சத்தியம் செய்தால் பெயர் ஏறிவிடும். ஆள் வெளியூரில் இருந்தால் அவனுக்காகப் பங்காளியே ஓலையும் போடலாம். மனிதர்களை நம்பிய காலத்தில் யாரோ போட்ட விதி.

ஆளவந்தார் கூத்தப்பன் என்பவனைப் பிடித்தார். ஏற்றும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பணம் கூலி. கூத்தப்பன் சுறுசுறுப்பானவன். தனியாகப் பிறந்து தனியாக வளர்ந்த அவனுக்கு ஒரே மாதத்தில் முந்நூறு பங்காளிகள் முளைத்தார்கள்.

கடைமடைக்காரர்கள் அரண்மனைக்கு வந்து முறையிட்டார்கள்.

"அந்த முந்நூறு பேரும் எங்கே?" என்றார் மன்னர் மழவராயர்.

"காசிக்குப் போயிருக்கிறார்கள், அரசே" என்றார் ஆளவந்தார்.

"எல்லோருமா?"

"பக்தியான குடும்பம்."

பக்கத்தில் நின்ற கூத்தப்பன் மீசையைத் தடவிக்கொண்டே தலையாட்டினான். அழகான மீசை. அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். அதற்காக எண்ணெய் விட்டு வளர்த்தது.

மன்னர் தம் அவையின் விகடர் நக்கனைப் பார்த்தார். "நக்கா, அப்படி ஆட்களே இல்லை என்று இந்தக் கடைமடைக்காரர்கள் சொல்கிறார்கள். அதை நீ நிரூபி. நாளைக்குள் முடியாவிட்டால் பெயர்கள் அப்படியே இருக்கும்."

"இருக்கிறவனைக் கையைப் பிடித்து இழுத்து வரலாம், அரசே. இல்லாதவனை எதைப் பிடித்து இழுப்பது?"

"அது உன் பாடு."

ஆளவந்தார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சபை கூடியதும் நக்கன் மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். பின்னால் கத்திப் பெட்டியோடு ஒரு நாவிதர்.

"மோசம் போனோம், அரசே! கங்கையில் படகு கவிழ்ந்துவிட்டது. கூத்தப்பனின் பங்காளிகள் முந்நூறு பேரும் போய்விட்டார்கள்!"

"பொய்!" என்று எழுந்தார் ஆளவந்தார்.

"பொய்யாக இருந்தால் என்னைவிட மகிழ்பவர் யார்? அவர்களில் ஒருவரையாவது உயிரோடு காட்டுங்கள், ஐயா. அழுகையை இப்போதே நிறுத்துகிறேன்."

ஆளவந்தார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

நக்கன் கூத்தப்பனைக் கட்டிக்கொண்டான். "தம்பி, இத்தனை பேருக்கும் நீ ஒருவன்தான் பங்காளி. வா, உட்கார். முதலில் மீசை."

"மீசையா?"

"பங்காளி செத்தால் எடுக்க வேண்டாமா? ஒரு வருடம் உன் வீட்டில் மேளச்சத்தமும் கேட்கக் கூடாது."

"அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்!"

"பெண் வீட்டாருக்கு ஆள் அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர்கள். துக்க வீட்டைத் தொந்தரவு செய்ய மாட்டோம், வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்."

நாவிதர் கத்தியைத் தீட்டினார். மேலுதட்டில் ஈரம் பட்டதும் கூத்தப்பன் துள்ளி எழுந்தான்.

"ஐயோ, அவர்கள் சாகவில்லை!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பிறக்கவே இல்லையே!"

கடைமடைக்காரர் ஒருவர் தும்மலைப் போலச் சிரித்தார்.

ஆளவந்தார் சுதாரித்துக்கொண்டார். "அரசே, அவன் பித்தலாட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். படகு கவிழ்ந்ததாக நக்கன் சபையிலேயே பொய் சொன்னானே. அதற்கு என்ன தண்டனை?"

"நான் என்ன செய்வேன், ஐயா? இல்லாத ஆட்களை இருக்கிற படகில் ஏற்றினால் படகுக்காரன் கூலி கேட்பானே. அதனால் படகையும் இல்லாததாகவே பார்த்து அமர்த்தினேன்."

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூத்தப்பனிடம் திரும்பினார். "முந்நூறு பேரைப் பெற்றுப் போட்டாயே, தனி ஆளாக!"

கூத்தப்பன் மீசையை ஒரு கையால் மூடிக்கொண்டான். மறு கை அமைச்சரை நோக்கி நீண்டது.

"நான் பெயர் மட்டும்தான் வைத்தேன், அரசே. பெயருக்கு ஒரு பணம் கொடுத்துப் பெற்றுக்கொண்டவர் அவர்!"

மன்னர் அரியணை அதிரச் சிரித்தார். பெயர்களையெல்லாம் அப்போதே அடிக்கச் சொன்னார். தம் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி நக்கனிடம் கொடுத்தார். நாவிதர் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல், தீட்டிய கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

நக்கன் அவர் தோளைத் தொட்டு, ஆளவந்தார் பக்கம் மெதுவாகத் திருப்பிவிட்டான்.

"அங்கே போங்கள், ஐயா. பாவம், பெற்ற வயிறு."