கோடிவயல்துறை நூலகத்தில் இருபது நிமிடம்

கடலோரத்துக் கோடிவயல்துறையில் இன்பவல்லி கிளை நூலகராக இருந்தாள். அவளுடைய நூலகத்தில் பொதுமக்களுக்கென்று இணைய வசதியோடு இரண்டு கணினிகள். ஒன்று பழுதாகி மூலையில் கிடந்தது. சரிசெய்யச் சொல்லி அவள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மற்றதில் ஆளுக்கு அரை மணி நேரம், பதிவேட்டில் பெயர் எழுதிய வரிசைப்படி. அந்த வரிசையை அவள் யாருக்காகவும் மாற்றியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருடத்துப் புயல் ஊரின் கைபேசிக் கோபுரங்களைச் சாய்த்துவிட்டது. மின்சாரமும் போயிற்று. நூலகத்து இணையக் கம்பி மண்ணுக்கடியில் வந்ததால் அறுபடவில்லை. ஆனாலும் எங்கோ கோளாறு. மறுநாள் சரியாகிவிடும் என்று தொலைபேசித் துறை ஊழியர்கள் சொல்லிப் போனார்கள்.

அன்று நிரோஷா வந்தாள். கருவாடு காயவைக்கும் குடும்பத்துப் பெண். அரசு செவிலியர் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் படிவம் நிரப்பி, சான்றிதழ்களை ஏற்றி, சம்மதம் சொல்ல வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

"விடியக்காலையில மாமா லாரி தஞ்சாவூர் போகுது மேடம். அங்கே போய் முடிச்சிடவா?" என்று கேட்டாள்.

"வழியெல்லாம் மரம் விழுந்து கெடக்கு. நீ எதுக்கு அலையணும்? நாளைக்கு இங்கே வா. உன் வேலையை முடிச்சுக் குடுக்க வேண்டியது என் பொறுப்பு."

நிரோஷா அந்த வார்த்தையை நம்பினாள். லாரி அவள் இல்லாமலே போயிற்று.

மறுநாள் காலை பதிவேட்டில் முதல் பெயர் வைத்தியலிங்கத்துடையது. ஓய்வு பெற்ற தபால் ஊழியர். அவருடைய மகன் கனடாவில். புயலுக்குப் பிறகு, தானும் மனைவியும் உயிரோடிருப்பதைக்கூட அவர் அவனுக்குத் தெரிவிக்க முடியவில்லை. இரண்டாவது பெயர் நிரோஷா. இருவரும் சாப்பிடக்கூடப் போகாமல் காத்திருந்தார்கள்.

மாலை நாலு இருபதுக்கு இணைப்பு வந்தது. மின்சாரம் வரவில்லை. இன்பவல்லி இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்தாள். "இன்னும் இருபது நிமிஷம் தாங்கினா அதிகம்" என்றாள்.

வைத்தியலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு நிரோஷாவின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். "உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"கால் மணி நேரம் ஆகும் தாத்தா."

அவர் எழுந்தார். "உட்காரு. என் பையன் இன்னும் ஒரு ராத்திரி பதறட்டும். வேறென்ன செய்யிறது."

நிரோஷா உட்கார்ந்ததும் வாசலில் பொற்கொடி வந்து நின்றாள். அவள் புருஷன் கலியமூர்த்தி புயலுக்கு முதல் நாள் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. வேறு கரைகளில் ஒதுங்கியவர்களின் பட்டியலை இணையத்தில் போட்டிருப்பதாக வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, அவரு பேரு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கக்கா. உங்க கால்ல விழறேன்." சொன்னபடியே விழுந்தாள்.

இன்பவல்லி மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இதற்கு ஐந்து நிமிடம், அதற்குப் பதினைந்து. போதும்.

"நிரோஷா, எழுந்திரு. அஞ்சே நிமிஷம்."

நிரோஷா வாயைத் திறந்தாள். தரையில் கிடந்த பொற்கொடியைப் பார்த்தாள். கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

பட்டியல் மெல்ல மெல்லத் திறந்தது. அதில் ஒரு கலியமூர்த்தி இருந்தான். பொற்கொடி வீறிட்டாள். ஆனால் அவன் தகப்பன் பெயர் வேறு, ஊரும் வேறு. "தப்பா அடிச்சிருப்பாங்கக்கா, இன்னொரு தடவை பாருங்க" என்று அவள் இன்பவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். மூன்றாம் முறையும் படித்தார்கள். போதும் என்று சொல்ல இன்பவல்லிக்கு மனம் வரவில்லை.

நிரோஷா மறுபடி உட்கார்ந்தபோது பதின்மூன்று நிமிடம் போயிருந்தது. அவள் கடைசிச் சான்றிதழை ஏற்றிக்கொண்டிருக்கையில் திரை அணைந்தது.

"மேடம்," என்றாள் அவள். சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கல்லூரிக்கு இன்பவல்லி மூன்று கடிதம் எழுதினாள். காலக்கெடு எல்லோருக்கும் பொது என்று ஒரே பதில் வந்தது. நிரோஷா இப்போது இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி வேன் தினமும் நூலகத்தைத் தாண்டித்தான் போகும். அந்த நேரத்தில் இன்பவல்லி ஜன்னல் பக்கம் போவதில்லை.

அந்தப் பட்டியலை மறுநாள் காலையிலேயே மீனவர் குடியிருப்பில் அச்சடித்து ஒட்டினார்கள். கலியமூர்த்தி வரவே இல்லை. ஒருநாள் கடைத்தெருவில் பொற்கொடியைப் பார்த்தபோது அவள் நன்றி சொல்வாள் என்று இன்பவல்லி எதிர்பார்த்தாள். பொற்கொடி சொன்னது வேறு.

"அன்னைக்கு நீங்க பார்த்துச் சொல்லாம இருந்திருந்தா, எனக்கு அவரு இன்னும் ஒருநா உயிரோட இருந்திருப்பாருக்கா."

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். தன் முறையை விட்டுக்கொடுத்தார் வைத்தியலிங்கம். அழுதவளுக்கு இரங்கினாள் இன்பவல்லி. எழுந்திரு என்றதும் எழுந்தாள் நிரோஷா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வைத்தியலிங்கம் செய்ததுதான் சரி. அவர் கொடுத்தது தன்னுடையதை. அதற்காக ஓர் இரவு பதறியது அவர் பெற்ற பிள்ளை. இன்பவல்லி எடுத்துக் கொடுத்தது நிரோஷாவின் நேரத்தை, அதுவும் தன் வார்த்தையை நம்பி லாரியை விட்டவளின் நேரத்தை. பட்டியல் மறுநாளும் அங்கேயே இருந்திருக்கும். அந்த ஐந்து மணி இருக்காது. கலியமூர்த்தியின் பெயர் அதில் இருந்திருந்தால் ஊரே இன்பவல்லியைக் கொண்டாடியிருக்கும். அப்போதும் விடை இதுதான். நிரோஷா செய்தது சரியா என்று கேட்க நமக்கு உரிமையில்லை. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மூன்று பேரை ஒரே நாற்காலிக்காக நிற்க வைத்தது யார் என்றால், பழுதான கணினி பற்றிய கடிதங்களுக்குப் பதில் போடாதவர்கள். அவர்கள் இந்தக் கதைக்குள் ஒருமுறைகூட வரவில்லை.