சட்டைக்கு அடித்த சல்யூட்

கோணப்பனேரி மேல்நிலைப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, வாகை மரத்தடியில் தேய்ப்பு வண்டி போட்டிருப்பவன் நான். பதினெட்டு வருஷமாக இதே இடம். ஊரில் எவன் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எவனுக்குப் புத்தி எவ்வளவு என்பதும் துணியைக் கொண்டுவந்து போடுகிற விதத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் அந்த ஏழு பேருடைய துணியைக் கை நீட்டி வாங்கினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அந்த ஏழு பேர்தான் எங்கள் பள்ளிக்கூடத்து மாணவர் படை. கெட்ட பயல்கள் இல்லை. பொய் சொல்ல மாட்டார்கள், பெரியவர்கள் பேச்சைத் தட்ட மாட்டார்கள். வினையே அதுதான். கதவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனால், திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கினாலும் கதவை விட்டுக் கண்ணை எடுக்காத ரகம்.

அவர்களுக்குத் தலைவன் தவசிக்கனி. பதினாறு வயசு, பனைமர உயரம், சட்டைக் கையில் இரண்டு பட்டை. மூன்று அண்ணன்மாருக்குக் கடைசியில் பிறந்தவன். அதுவரைக்கும் அவன் உடம்பில் ஏறினது எல்லாம் மூன்று பேர் போட்டுக் கழித்த துணி. டெய்லர் நாடாவைப் பிடித்து அவனுக்கென்று அளவெடுத்துத் தைத்த முதல் சட்டை அந்தக் காக்கிச் சட்டைதான். அதை அவன் இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் கொண்டுவந்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

படைக்குப் பொறுப்பு வைகுண்டமணி சார். ஒன்பது வருஷம் மனுப் போட்டுப் போட்டு இந்தப் படையை ஊருக்கு வாங்கினவர். ஒரு திங்கட்கிழமை ஏழு பேரையும் என் மரத்து நிழலில் நிறுத்திச் சொன்னார். வருகிற சனிக்கிழமை கர்னல் வருகிறார். சீருடையையும் ஒழுங்கையும் பார்ப்பார். ஒரு குறை கண்டாலும் படையைக் கலைத்துவிட்டு, ஏழு சீருடையையும் மூட்டை கட்டிப் பரமன்குளம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார்.

தவசிக்கனிக்கு முகம் செத்துவிட்டது. "என் சட்டையையுமா சார்?" என்று கேட்டான்.

"உன் சட்டையைத்தான் முதல்ல," என்றார் சார். பிறகு 'நடத்தையும் தோற்றமும்' என்று தலைப்புப் போட்ட ஒரு தாளை அவன் கையில் கொடுத்தார். "இதுல உள்ளபடி செய்யுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முக்கியமா, ஒருத்தனும் யோசிக்கக் கூடாது. யோசிக்கிறதுக்கு மேல ஆள் இருக்கு."

அந்தக் கடைசி உத்தரவு ஒன்றைத்தான் அவர்கள் ஏற்கெனவே கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஷூவில் ஆரம்பித்தது. அணிகிறவன் முகம் தெரிகிற அளவுக்கு ஷூ பளபளக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. பாலீஷ் போட்டார்கள், துடைத்தார்கள், வாய் ஆவி விட்டு மறுபடி துடைத்தார்கள். ஏழு பேரில் மரியசெல்வத்தின் ஷூ கண்ணாடியாய் மின்னியது. பக்கத்தில் இருந்த பீர் மைதீன் குனிந்து பார்த்துவிட்டு, "ஏல, இதுல என் மூஞ்சில்லா தெரியுது," என்றான்.

மரியசெல்வம் கலங்கிப்போனான். அவன் காலில் இருக்கிற ஷூவில் அடுத்தவன் முகம் தெரிந்தால் அது யாருடைய ஷூ? ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். யார் முகம் தெரிகிறதோ அவனுக்குத்தான் அந்த ஷூ சொந்தம் என்று தீர்ப்பானது. அன்று மாலை பீர் மைதீன் பத்தாம் நம்பர் காலை ஏழாம் நம்பர் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே போனான். தாளில் நொண்டக் கூடாது என்று எதுவும் இல்லையாம்.

புதன்கிழமை பாக்கெட். சீருடையில் இருக்கும்போது பாக்கெட்டுக்குள் கை போகக் கூடாது என்பது சட்டம். கை தெரியாமல் போய்விட்டால்? ஏழு பேரும் டெய்லரிடம் போய், சட்டையிலும் கால்சட்டையிலும் இருந்த அத்தனை பாக்கெட் வாயையும் இரட்டைத் தையல் போட்டு மூடிக்கொண்டு வந்தார்கள். பாக்கெட்டில் சுத்தமான கைக்குட்டை இருக்க வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருந்தது. அதனால் கைக்குட்டையை உள்ளே வைத்துத்தான் தைத்திருந்தார்கள். குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமைதான் என் பிழைப்பில் கை வைத்தார்கள். சல்யூட் பாடம் நடத்தின வைகுண்டமணி சார் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். சல்யூட் ஆளுக்கு இல்லை, உடுப்புக்கு. ஆள் நல்லவனா கெட்டவனா என்று பார்க்காதே, உடுப்பைப் பார். மேலதிகாரி பதில் சல்யூட் வைக்கிற வரைக்கும் கையை இறக்காதே.

அன்று என் வண்டிக் கம்பியில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஐயாவின் சீருடையைத் தேய்த்து மாட்டியிருந்தேன். ஏழு பேரும் வரிசையாக அந்த வழியே வந்தார்கள். சட்டையைப் பார்த்தார்கள். டக்கென்று நின்று சல்யூட் அடித்தார்கள். சட்டை பதில் வைக்கவில்லை. அவர்களும் கையை இறக்கவில்லை.

முதல் பீரியட் முடிந்து இரண்டாவது பீரியட் மணியும் அடித்துவிட்டது. வெயில் ஏறுகிறது. நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். தவசிக்கனி நெற்றியில் வேர்வை வழிய, "ஐயா இன்னும் பார்க்கல போல, அண்ணாச்சி," என்றான்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். லுங்கி, பனியன், வாயில் வேப்பங்குச்சி. தன் சட்டைக்கு முன்னால் நின்று, என்னப்பா இங்கே கூட்டம் என்று கேட்டார். பீர் மைதீன் ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா, ஐயாவை மறைக்கீங்க," என்றான்.

அந்த மனுஷன் ஊரில் எத்தனையோ பேரை அடித்தவர். அன்றைக்குப் பயல் சொன்னபடி தள்ளி நின்றார். நான்தான் பொறுக்க முடியாமல் சட்டையின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, காலருக்கு மேலே வைத்துக் காட்டினேன். ஏழு பேரும் கையை இறக்கிவிட்டு, இடது வலது என்று கிளம்பினார்கள். என் அடுப்புக்கரி அதற்குள் சாம்பலாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய பானைக் கஞ்சியோடு வந்தார்கள். சீருடையில் ஒரு சுருக்கமும் இருக்கக் கூடாது என்பதுதான் தாளில் முதல் சட்டம். ரேஷன் அரிசிக் கஞ்சி. அதில் சுவரொட்டி ஒட்டுகிறவனிடம் வாங்கின மைதா பசையும் கலந்திருந்தது. வேண்டாமப்பா, துணி பலகையாகிவிடும் என்று சொன்னேன். பலகையில் சுருக்கம் விழுமா என்று மரியசெல்வம் கேட்டான். விழாது என்றேன். என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

மூன்று முறை முக்கி மூன்று முறை காயப்போட்டார்கள். நான் தேய்த்து முடித்ததும் கால்சட்டைகள் தரையில் தானாக நின்றன. ஏழு பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். தவசிக்கனி ஆசையாகத் தன் சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தான். முழங்கைப் பக்கம் மடக்கென்று ஒரு சத்தம். சட்டை முறிந்து கோடு விழுந்துவிட்டது. பையன் அழாத குறை. நான் அதை மறுபடி தேய்த்து நேராக்க அரை மணி ஆயிற்று.

பிறகு வண்டியடியில் உட்கார்ந்து பேசினார்கள். கட்சி பிரித்து வாதாடுகிற வக்கீல்கள் தோற்றுப்போவார்கள்.

"சட்டை தனியா இருக்கும்போது சுருக்கம் இருந்துதா?" என்றான் தவசிக்கனி.

"இல்ல," என்றான் பீர் மைதீன்.

"எப்போ விழுந்துது?"

"நீ உள்ள போகும்போது."

"அப்போ உடுப்பைக் கெடுக்கிறது யாரு?"

ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரியசெல்வம்தான் வாயைத் திறந்தான். "நாமதான். கர்னல் பார்க்க வர்றது உடுப்பை. நடுவுல நாம எதுக்கு?"

யோசிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் அவன் யோசித்துவிட்டான் என்று மற்றவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை வைகுண்டமணி சார் கர்னலின் ஜீப்புக்கு வழி காட்ட பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். மைதானத்தில் ஏழு மூங்கில் கம்பு நட்டு, அதில் ஏழு சீருடையை நிறுத்தி, பெல்ட் கட்டி, கம்பு உச்சியில் தொப்பி வைத்து, கீழே ஷூவையும் வைத்தார்கள். ஏழு பேரும் வெறும் டிராயரோடு சுற்றுச்சுவருக்குப் பின்னால் போய் விறைப்பாக நின்றுகொண்டார்கள். நான் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்குக் கோணப்பனேரி மானம் கப்பலேறுகிறது என்று வேடிக்கை பார்க்கப் போனேன்.

கர்னல் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாக வந்தார். அன்றைக்கே இன்னும் மூன்று பள்ளிக்கூடம் பார்க்க வேண்டுமாம், ஒரே அவசரம். வரிசையைப் பார்த்ததும் வைகுண்டமணி சாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கர்னலோ முதல் சீருடைக்கு முன்னால் போய் நின்றார். பெல்ட்டைத் தடவினார். பொத்தானை இழுத்துப் பார்த்தார். கால்சட்டை மடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். காலருக்கு மேலே அவர் கண் போகவே இல்லை. பார்க்க வந்தது உடுப்பு, உடுப்பைத்தானே பார்ப்பார்.

மூன்றாவது சீருடையிடம் பெயர் என்ன என்று கேட்டார். பதில் இல்லை. வரிசையில் பேசக் கூடாது என்ற சட்டம் தெரிந்த பையன் என்று மெச்சிக்கொண்டார். ஒரு காகம் பறந்து வந்து தவசிக்கனியின் தொப்பியில் உட்கார்ந்து, வந்த வேலையை முடித்துவிட்டுப் போனது. ஒரு சீருடையும் அசையவில்லை. கர்னல் அசந்துபோனார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு படையைப் பார்த்ததில்லை என்று சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படை தொடரலாம் என்றும், ஏழு பேரும் மாநில முகாமுக்கு வர வேண்டும் என்றும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது சுவருக்குப் பின்னால் டிராயரோடு நிற்கிற ஏழு பேரைப் பார்த்துவிட்டார். அவர்கள் சல்யூட் அடித்தார்கள். கர்னல் முகத்தைச் சுளித்து, "இந்த மாதிரி பயல்களைப் படைப் பக்கமே விடாதீங்க. உடுப்புக்கு லாயக்கு இல்லாதவனுங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

உத்தரவு உத்தரவுதானே. முகாமுக்கு வேன் வந்தபோது ஏழு சீருடையையும் நிற்கிற வாக்கில் ஏற்றி அனுப்பினார்கள். ஏழு பேரும் டிராயரோடு ரோட்டோரம் நின்று வழியனுப்பினார்கள். தவசிக்கனி வேன் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான். சட்டை பரமன்குளத்துக்குப் போகாமல் தப்பித்ததே, அது போதும் அண்ணாச்சி என்றான்.

பத்து நாள் கழித்துச் சீருடைகள் திரும்பி வந்தன. அணிவகுப்பில் முதல் பரிசாம். வந்த பெட்டியைப் பிரித்துத் தவசிக்கனியின் சட்டையை நானே எடுத்துக் கம்பியில் மாட்டினேன். அவன் ஓடி வந்தான், கையை நுழைக்கப் போனான், அப்படியே நின்றுவிட்டான். சட்டைக் கையில் மூன்று பட்டை இருந்தது. முகாமில் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

பட்டை உனக்குத்தானே, போட்டுக்கோ என்றேன். "நான் முகாமுக்குப் போகவே இல்லையே அண்ணாச்சி. எனக்கு ரெண்டுதான். அது இப்போ என் மேலதிகாரி. மேலதிகாரிக்குள்ள எப்படிக் கை விட?" என்று சொல்லிவிட்டு, இரண்டு எட்டு பின்னால் வைத்துச் சல்யூட் அடித்தான். அவனுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை அவன் முன்னால் விறைத்துக்கொண்டு தொங்கியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் பழைய அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அதற்குச் சல்யூட் அடிக்கிறான். நான் தேய்ப்புப் பெட்டியை வைத்துவிட்டுச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுகிறேன். அவன் பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு இது ஒரு தொழில்.

போன திங்கட்கிழமை கையில் ஒரு கடுதாசியோடு வந்தான். 'மேன்மை தங்கிய சட்டை ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. பரீட்சை என்றால் மேலதிகாரியிடம் லீவு வாங்காமல் போகக் கூடாதாம்; அரையாண்டுப் பரீட்சை எழுத ஒரு வாரம் லீவு கேட்டிருந்தான். அதை ஐயா பாக்கெட்டில் வைத்துவிடுங்கள் என்று என்னிடம் நீட்டினான். நான் சட்டையைப் புரட்டிப் பார்த்து, பாக்கெட் எல்லாம் தைத்துக் கிடக்கிறதே தம்பி என்றேன்.

தவசிக்கனி சட்டையைப் பார்த்தான். கடுதாசியை நாலாக மடித்துக்கொண்டான்.

"லீவு இல்லேன்னுட்டாங்க," என்று சொல்லிவிட்டு, லீவு இல்லை என்றால் டியூட்டிதானே என்று சட்டைக்குக் கீழே காவலுக்கு நின்றான். உள்ளே பரீட்சைக்கு மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தால், அவன் பின்னால் மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு லீவுக் கடுதாசியோடு வரிசையில் நிற்கிறார்கள்.