பூஜ்யம் காட்டிய திரை

ஈரோட்டு ஜவுளிக் கிடங்கு ஒன்றில் பார்கோடு ஸ்கேனர்களைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். ஒருவர் ஒரு மூட்டையை ஸ்கேன் செய்தால் அவர் பெயரில் ஒரு எண் ஏறும். நாச்சம்மாள் ஸ்கேனரைத் தொடுவதில்லை. மேல் அடுக்கிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கொடுப்பது அவர் வேலை.

மேலாளர் சபேசன் முதலாளியிடம் திரையைக் காட்டினார். "நாச்சம்மாள் பேர்ல பூஜ்யம். நாளையிலிருந்து நிறுத்திடலாம்."

அங்கேயே நின்ற நாச்சம்மாள் சபேசனிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங் சார், உங்க பேர்ல எத்தனைங்க?"

முதலாளியே தட்டிப் பார்த்தார். அதுவும் பூஜ்யம்.

"நான் எல்லாரையும் மேற்பார்வை பார்க்கிறேன். அது மிஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சபேசன்.

"அப்ப மிஷினுக்குத் தெரியாத வேலையும் இருக்குதுங்க."

முதலாளி திரையை அணைத்தார். பிறகு, "நாளைக்கு லோடு வருது. நேரமே வந்துருங்க, நாச்சம்மாக்கா" என்றார்.