பதினேழாம் இடம்

அன்று அறையில் இருந்தவர்கள்: சிந்தசைசர் கீபோர்டில் புதுச் சத்தங்கள் உருவாக்கச் சொல்லித்தரும் ஜெசிந்தா டீச்சர், வயது முப்பத்து நான்கு. அவரிடம் கற்றுக்கொள்ளும் கிருபாகரன், வயது அறுபத்தொன்று. மூன்று பேஸ் கிடாரும் ஒரு சிந்தசைசரும் விற்க வந்த ஜாபர். பேஸ் வாங்க வந்த நாகேந்திரன். வருகிற ஆளையும் கருவியையும் நோட்டில் எழுத நான். ஆக ஐந்து பேர்.

மதுரையில் இசைக்காரர்கள் கருவி வாங்க, விற்க, மாற்றிக்கொள்ளக் கூடும் மாத முதல் ஞாயிறு அது. பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே ஊரெங்கும் கரண்டை நிறுத்தியிருந்தார்கள்.

ஆம்ப்ளிபயர் இல்லாத பேஸ் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. நாகேந்திரன் கம்பியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கட்டையில காதை வைங்க," என்றார் ஜாபர். "மூணுல ஒண்ணாவது உங்ககிட்ட பேசும்."

நாகேந்திரன் காதை வைத்தார்.

ஒன்பதரைக்குக் கிருபாகரன் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் சிந்தசைசர். காலடியில் கம்ப்யூட்டருக்கு வைக்கிற யூபிஎஸ். சிந்தசைசரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் கூவிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, ஐசியூ வண்டியா?" என்றார் ஜாபர்.

கிருபாகரன் சிரிக்கவில்லை. இரண்டையும் டீச்சர் முன்னால் இறக்கி வைத்தார்.

"டீச்சர், நான் பண்ற சத்தம் எதுவுமே நிக்க மாட்டேங்குது."

"உட்காருங்க சார்."

"ரெண்டு வருஷமாப் பண்றேன். மெஷினை அணைச்சா எல்லாம் போயிடுது. இந்த ஒண்ணு நல்லா வந்திருக்கு. பதினோரு நாளா மெஷினை அணைக்கவே இல்லை. காலையில கரண்ட் போச்சு. இங்கேயாவது இருக்கும்னு ஓடி வந்தேன்."

யூபிஎஸ் நிமிடத்துக்கு ஆறு முறை கூவியது.

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் விரலை எடுக்காமல் இருந்தார்.

"இது இடது கைக்குப் பண்ணின பேஸ்."

"ஆமா டீச்சர்."

"உங்களுக்கு வலது கைதானே வாசிப்பு?"

"பேஸ் வாசிக்க ஆள் இல்லையே. இடது கையைப் பழக்குறேன்."

அந்த சிந்தசைசர் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். மெல்லிசைக் குழுவில் சேவியர் அதில்தான் பேஸ் வாசித்தார். இருபத்திரண்டு வருஷம் கிருபாகரனுக்கு இடப்பக்கம் நின்றார். அவர் இறந்த பிறகு, அவர் மனைவி மெஷினைக் கிருபாகரன் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். குழு கலைந்துவிட்டது. கிருபாகரன் வீட்டில் தனியாக வாசிக்கிறார்.

"இதுல எத்தனை சத்தம் வைக்கலாம் சார்?"

"அறுபத்து நாலு."

"உங்களோடது எத்தனை?"

"ஒண்ணும் இல்லை. எல்லாம் அவன் பண்ணினது. இடம் இல்லை டீச்சர்."

ஜாபர் தன் சிந்தசைசரைத் தட்டினார். "நம்மகிட்ட இடம் நூத்து இருபத்தெட்டு இருக்குண்ணே. அத்தனையும் காலி. இன்னிக்கே குடியேறலாம்."

கிருபாகரன் அதைப் பார்த்தார். "வாங்கிடட்டுமா டீச்சர்? இந்தச் சத்தத்தை அதுக்கு மாத்த முடியுமா?"

"முடியாது. அது வேற தொண்டை."

யூபிஎஸ் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை கூவத் தொடங்கியது.

டீச்சர் மெஷினின் பின்பக்கத்தைத் திருப்பினார். மெமரி அழியாமல் பூட்டுகிற சின்ன ஸ்விட்ச் அங்கே இருக்கும். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரங்கள் கறுத்திருந்தன.

"இது யார் ஒட்டினது?"

"நான்தான். அவனை அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாள்."

"சேவியர் சார் இதைப் புதுசாத்தானே வாங்கினார்?"

"புதுசு. நானும் கூடப் போயிருந்தேன்."

"அன்னிக்கு இதுல எத்தனை இருந்தது?"

"அறுபத்து நாலு. கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்தது."

"அதுல எத்தனையை வச்சிருந்தார்?"



யூபிஎஸ் கூவுவதை நான் எண்ணினேன். ஒன்பதாவதில் கிருபாகரன், "ஒண்ணையும் வைக்கலை," என்றார்.

பிறகு பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கீறினார். அது முழுதாக வரவில்லை. மூன்று துண்டாக வந்தது. ஸ்விட்சைத் தள்ளினார்.

"எதை எடுக்குறது டீச்சர்?"

டீச்சர் ஒரு ஒயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

"ஒவ்வொண்ணா ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார் கிருபாகரன்.

"வேற நம்பரை அழுத்தினா, இப்ப கையில இருக்கிறது போயிடும் சார். கேட்கிறதுன்னா கேளுங்க. இல்லை, இதைப் பதியிறதுன்னா பதியுங்க."

"கேட்காமலேயா?"

"கேட்காமத்தான்."

நாகேந்திரன் பேஸ் கட்டையிலிருந்து காதை எடுத்தார்.

கிருபாகரன் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தது. சில எண்களில் நின்றார். ஓர் எண்ணில் சிரிப்பு வந்தது போலிருந்தது. அறுபத்து நான்குவரை போய்த் திரும்பவும் ஒன்றுக்கு வந்தார்.

யூபிஎஸ் இப்போது இடைவிடாமல் கூவியது. எண்ண முடியவில்லை.

அவர் பதிகிற பொத்தானை அழுத்திப் பிடித்தார். மற்ற கையால் ஒன்று, பிறகு ஏழு என்று எண்களைத் தொட்டார்.

திரையில் ஒரு வார்த்தை வந்தது. டீச்சர் எட்டிப் பார்த்து, "ஏறிடுச்சு," என்றார்.

யூபிஎஸ் நின்றது. சிந்தசைசரின் விளக்கும் போனது.



ஜாபர் தயங்கிக் கேட்டார். "பதினேழுல என்னண்ணே இருந்துச்சு? வேண்டாததா?"

"நாங்க முதல்ல மேடை ஏறினப்போ பண்ணினது."

"அதையாண்ணே எடுத்தீங்க?"

"இதைக் கேட்கவே வேண்டாம். மத்ததெல்லாம் கேட்டாத்தான் ஞாபகம் வரும்," என்றார் கிருபாகரன்.

டீச்சர் சுருட்டிய ஒயரை மேசைமேல் வைத்தார்.

நோட்டில் அந்த மெஷினுக்கு நேராக, சேவியர், அறுபத்து நான்கு என்று முன்பே எழுதியிருந்தேன். பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"சேவியரோடது இப்ப எத்தனை சார்?"

இருண்ட மெஷின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அறுபத்து மூணு."